ஆடிப்பூரத்துக்கு எந்த ஸ்டாண்ட்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பயணத்துக்கான கேமராத் தாங்கிகள் பற்றிச் சில குறிப்புகள்

டிரைபாட் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது பெட்டியில் போட்டிருக்கும் எண்களைத்தான். இத்தனை கிலோ தாங்கும், இத்தனை செ.மீ. உயரம், மடித்தால் இத்தனை செ.மீ. நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இந்த எண்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். ஆனால் எந்த ஊருக்குப் போகிறோம், அங்கே எதைப் படம் எடுக்கப் போகிறோம், எங்கே நிற்க விடுவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் அந்த எண்களால் பெரிய பிரயோஜனம் இல்லை. அதனால் இந்தக் குறிப்பை ஒரே ஒரு வட்டாரத்தை வைத்து எழுதுகிறேன்: ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒரு பக்கம் மலை, காடு, ஆறு. இன்னொரு பக்கம் கோபுரம், தேர், கூட்டம். பயணத்தில் ஒரு கேமராத் தாங்கிக்கு வரக்கூடிய எல்லாச் சோதனையும் சில மைல் சுற்றளவுக்குள் இங்கே வந்துவிடும்.

முதலில் கோபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி என்று சொல்வார்கள். மீட்டரில் 59 ஒட்டி. தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்பது பரவலான நம்பிக்கை. (இல்லை, அது மதுரைக் கோபுரம் என்று ஒரு கட்சி உண்டு. அந்தச் சண்டைக்குள் இப்போது போகவில்லை.) இதை விளக்கு வெளிச்சத்தில், வானம் இன்னும் முழுசாகக் கறுக்காமல் நீலமாக இருக்கும்போது எடுக்கணும் என்பதுதான் இங்கே வருகிற பாதிப் பேரின் ஆசை.

இதற்கு டிரைபாட் வேணுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்குப் போட்ட கட்டடங்களுக்கு ஒளிப்படக் கையேடுகள் தருகிற வெளிச்ச அளவு ஈ.வி. 3 முதல் 5 வரை. நடுவில் 4 என்று வைத்துக்கொண்டால், ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் எஃப் 8 என்ற கணக்கில் ஷட்டர் 4 வினாடி திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்து 4 வினாடி நடக்காத காரியம். ஆனால் அதே காட்சியை ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 4 என்று வைத்தால் 1/16 வினாடி போதும். 24 மி.மீ. லென்ஸுக்குக் கையில் பிடிக்கிற பழைய விதி 1/24 வினாடி. உள்ளே நடுக்கத் தடுப்பு இருக்கிற இன்றைய கேமராவில் 1/16 என்பது சுவரில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தால் நன்றாகவே வந்துவிடும்.

அதாவது, வெறும் 'எடுக்க முடியுமா' என்பதுதான் கேள்வி என்றால் டிரைபாட் தேவையே இல்லை. இதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். பிறகு எதற்கு? ஐ.எஸ்.ஓ. 100ல் எடுத்த படத்தில் சுதைச் சிற்பங்களின் நிழல் பகுதியைத் தூக்கிப் பார்த்தால் விவரம் இருக்கும். 1600ல் எடுத்ததில், அதுவும் சின்ன சென்சாரில், புள்ளிப் புள்ளியாக இரைச்சல்தான் இருக்கும். படத்தைக் கைபேசியில் மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பிரிண்ட் போட்டு மாட்டுகிறவருக்குத் தெரியும். நீங்கள் எந்த வகை என்று முதலில் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். பாதிச் செலவு அங்கேயே மிச்சமாகலாம்.

இன்னொரு விஷயம் நேரம். இந்த ஊர்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.5 டிகிரியில் இருக்கின்றன. சூரியன் இங்கே கிட்டத்தட்ட நேர்குத்தாக இறங்குகிறது. ஐரோப்பியப் புகைப்படப் புத்தகங்களில் 'நீல நேரம்' என்று சாவகாசமாக எழுதியிருப்பார்கள்; அங்கே கோடையில் அது இழுத்துக்கொண்டே போகும். நமக்கு அடிவானத்தில் சூரியன் மறைந்ததிலிருந்து 20 நிமிடம் ஒட்டித்தான். விளக்கும் வானமும் சமமாக இருக்கிற நேரம் அதற்குள் இன்னும் கொஞ்சம். இந்த வட்டாரத்துக்கே உரிய சங்கதி ஒன்றும் உண்டு: மேற்கே மலை நிற்கிறது. மலை விளிம்பு அடிவானத்துக்கு எவ்வளவு மேலே தெரிகிறதோ, ஒவ்வொரு டிகிரிக்கும் 4 நிமிடம் முன்னதாகவே சூரியன் ஒளிந்துகொள்ளும். கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் சுமார் 5 டிகிரி. மலை அந்த உயரம் தெரிந்தால் 20 நிமிடம் போச்சு. ஆனால் போவது மஞ்சள் வெயில்தான். நீல வானம் தன் நேரத்துக்கு வரும். ரெண்டுக்கும் நடுவில் ஒளியே செத்துப்போன மாதிரி ஒரு இடைவெளி இருக்கும். 'அவ்வளவுதான் போல' என்று பையைக் கட்டிக்கொண்டு பால்கோவா வாங்கக் கிளம்பிவிடாமல் இருந்தால் சரி. அந்த இடைவெளியில்தான் ஸ்டாண்டை நிறுத்தி, கட்டம் பார்த்து, பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் விரித்து நிறுத்த மூன்று நிமிடம் எடுக்கிற டிரைபாட்டை விட முப்பது வினாடியில் நிற்கிற ஒன்று இங்கே மேல்.

கோபுரத்தின் உயரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 24 மி.மீ. லென்ஸ் போட்ட முழு ஃபிரேம் கேமராவை நட்டக்குத்தாக வைத்து, சாய்க்காமல் நேர்மட்டமாகப் பிடித்தால், தரையிலிருந்து கலசம் வரை முழுசாக வர நீங்கள் சுமார் 77 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு பின்னால் போனால் குறுக்கே கம்பியும் பந்தலும் வேனும் என்னென்ன வருகின்றன என்று பகலிலேயே நடந்து பார்த்துக்கொள்வது நல்லது. 40 மீட்டருக்குக் கிட்டே போனால் கலசத்தைப் பார்க்க 55 டிகிரிக்கு மேல் அண்ணாந்து பார்க்க வேண்டும். கேமராவை அப்படிச் சாய்த்தால் கோபுரம் பின்னால் விழுகிற மாதிரி வரும் என்பது ஒரு பக்கம். எடை பின்பக்கம் போய் சின்ன ஸ்டாண்டே பின்னால் விழுந்துவிடும் என்பது இன்னொரு பக்கம். மூன்று கால்களில் ஒரு காலை எப்போதும் எடை சாய்கிற பக்கமாக வைக்க வேண்டும். சாதாரணமாக லென்ஸுக்கு நேர் கீழே முன்பக்கம். இப்படி அண்ணாந்து எடுக்கும்போது பின்பக்கம்.

சரி, நிற்க விடுவார்களா?

கோயிலுக்கு உள்ளே என்ற பேச்சே வேண்டாம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கொண்டு போவதைத் தடை செய்யச் சொல்லி உத்தரவிட்டது. கைபேசிக்கே அந்த நிலை. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் மாதிரி மத்தியத் தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் கையில் பிடித்து எடுக்கலாம், ஆனால் டிரைபாட் வைக்க முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஆக, தமிழ்நாட்டுக் கோயில் பயணம் என்றால் டிரைபாட்டின் வேலை பெரும்பாலும் மதிலுக்கு வெளியே, வீதியில்தான்.

வீதியிலும் ஒரு சிக்கல் உண்டு. இது சட்டச் சிக்கல் இல்லை, சமூகச் சிக்கல். இடுப்புயரத்துக்கு மூன்று கால்களை விரித்தால் நீங்கள் அந்த நொடியில் சுற்றுலாப் பயணி இல்லை, பத்திரிகைக்காரர். "சார், எந்த சேனல்?" என்று கேட்காமல் ஒருத்தரும் தாண்ட மாட்டார்கள். பூக்கடைக்காரம்மா எழுந்து தள்ளி உட்காருவார். பள்ளிக்கூடப் பையன்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். காவலுக்கு இருப்பவர் யாராவது வந்து யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. அதே கேமராவை மதில் திண்ணையில் ஒரு சாண் ஸ்டாண்டில் வைத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சின்ன ஸ்டாண்டின் பெரிய பலம் எடையில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

இனி தேர். ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஏறி வருகிற பெரிய தேர். வருஷத்துக்கு ஒரு நாள். தவறவிட்டால் அடுத்த ஆடி. இந்தப் பயத்திலேயே நிறையப் பேர் இருக்கிற கருவி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆனால் தேர் ஓடுவது பகல் வெளிச்சத்தில். ஐ.எஸ்.ஓ. 400ல் 1/500 வினாடி தாராளமாகக் கிடைக்கும். அங்கே டிரைபாட்டால் ஒரு உபயோகமும் இல்லை.

உபத்திரவம் உண்டு. சராசரி டிரைபாட்டைக் கண்ணுயரத்துக்கு நிறுத்தினால் கால்கள் தரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டத்துக்கு விரியும். வடம் பிடிக்கிற கூட்டம் முன்னால் பார்த்து இழுக்காது. பின்னோக்கி நகரும், பக்கவாட்டில் அலையும், திடீரென்று ஓடும். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் தரையோடு கிடக்கிற ஒரு உலோகக் குழாய் யாரையாவது தடுக்கி விழ வைத்தால், விழுகிறவர் விழுவது பல டன் மரத்துக்கு முன்னால். படம் வருமா வராதா என்பதெல்லாம் அப்புறம். தேர் வீதியில் டிரைபாட் விரிக்காதீர்கள். ஓரமாகத்தானே என்று நினைத்தும் விரிக்காதீர்கள். ஓரம் என்பது அங்கே நிமிஷத்துக்கு நிமிஷம் இடம் மாறும்.

அங்கே பயன்படுவது ஒற்றைக்கால், அதாவது மோனோபாட். அது தரையில் பிடிக்கிற இடம் ஒரு ரூபாய் நாணயம் அளவு. கூட்டம் நெருக்கினால் அப்படியே தூக்கிக்கொண்டு நகரலாம். இன்னொரு உபயோகமும் உண்டு: கேமராவை அதன் நுனியில் பூட்டி, டைமர் போட்டோ கைபேசி வழியாக இயக்கியோ, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் கடல் மாதிரி தலைகளும் நடுவில் தேருமாக ஒரு கோணம் கிடைக்கும். தரையில் நிற்பவருக்கு வேறு எப்படியும் கிடைக்காத கோணம். ஆனால் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தக் கம்பத்தையும் உயர்த்த வேண்டாம், அலுமினியமோ கார்பனோ. கார்பன் நாரும் மின்சாரத்தைக் கடத்தும். 'இது உலோகம் இல்லையே' என்கிற தைரியம் ஆகாது.

ராத்திரிப் புறப்பாடுகளுக்கு வருவோம். ஆடிப்பூரத் திருவிழாவில் ஐந்து கருட சேவை மாதிரி இரவு நிகழ்ச்சிகள் உண்டு. வெளிச்சம் குறைவு, அதனால் டிரைபாட் வேணும் என்று தோன்றும். வேண்டியதில்லை, காரணம் எளிது. டிரைபாட் கேமராவின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், எதிரே நடப்பவரை நிறுத்தாது. 10 மீட்டர் தள்ளி ஒருவர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே நடக்கிறார், உங்களிடம் 35 மி.மீ. லென்ஸ், 24 மெகாபிக்சல் முழு ஃபிரேம் கேமரா என்று வைத்துக்கொள்வோம். 1/15 வினாடியில் அவர் உருவம் சென்சாரில் 40 பிக்சல் ஒட்டி இழுபடும். கல்லில் அறைந்த மாதிரி டிரைபாட் நின்றாலும் அதேதான். 1/125 வைத்தால் 5 பிக்சல். ஆக, சாமி புறப்பாட்டுக்குச் செலவழிக்க வேண்டிய காசு லென்ஸின் வாய் அகலத்தில், எஃப் 1.8 மாதிரி ஒரு லென்ஸ். ஸ்டாண்டில் இல்லை.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ஆடிக்காத்தில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் ஒரு கிலோ டிரைபாட் என்ன ஆகும்? தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மலை முகட்டைத் தாண்டியும் இந்தப் பக்கம் இறங்குகிற மாசங்கள் ஆனியும் ஆடியும். சஞ்சீவி மலை மாதிரி திறந்த உயரத்தில் ஏறி, ஊரையும் எதிரே மலைத்தொடரையும் எடுக்கலாம் என்று நிறுத்தினால் கேமராப் பட்டையே கொடி மாதிரிப் படபடக்கும், அந்தப் படபடப்பு படத்தில் தெரியும். முதல் வேலை பட்டையைக் கழற்றுவது, இல்லாவிட்டால் சுருட்டிக் கட்டுவது.

இரண்டாவது, நடுக்கம்பத்தை ஏற்றாமல் இருப்பது. இதற்குப் பின்னால் பள்ளிக்கூட இயற்பியல் இருக்கிறது. ஒரு முனை பிடிக்கப்பட்ட குச்சியின் மறுமுனையைத் தள்ளினால் அது வளைகிற அளவு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. நடுக்கம்பம் அப்படி ஒரு குச்சிதான். மூன்று கால்களின் பலமும் அதற்குக் கிடையாது. கால் குழாய்க்கும் இதே மாதிரி ஒன்று உண்டு: சுவர்த் தடிமன் ஒரே அளவு என்றால், விறைப்பு விட்டத்தின் மும்மடியோடு போகும். கையடக்க டிரைபாட்களில் ஐந்து அடுக்குக் கால் இருக்கும். மேல் குழாய் 25 மி.மீ., அடுத்தடுத்து மும்மூன்று மி.மீ. குறைந்து கடைசி 13 மி.மீ. என்று வைத்தால், கடைசிக் குழாயின் விறைப்பு முதல் குழாயில் ஏழில் ஒரு பங்கு. அதனால்தான் நாலடுக்கு டிரைபாட் மடித்தால் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறேன். ஐந்தடுக்குதான் கையில் இருக்கிறது என்றால் கடைசி அடுக்கை இழுக்காமல் விட்டு, குனிந்து எடுத்துவிட்டுப் போவது. இப்போது திரை மடங்குகிற கேமராதான் எல்லோரிடமும் இருக்கிறதே, கண்ணுயரம் என்கிற அளவுக்கு முன்பு இருந்த முக்கியத்துவம் இல்லை.

நடுக்கம்பக் கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். தொங்கவிடலாம், ஆனால் பை காற்றில் ஊஞ்சலாடினால் இருந்ததும் கெட்டது. பையின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி விட வேண்டும்.

'இத்தனை கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பதை ஏன் நான் நம்புவதில்லை என்பதும் இங்கேயே வந்துவிடுகிறது. எல்லா நிறுவனமும் ஒத்துக்கொண்ட ஒரே அளவுமுறை அதற்குக் கிடையாது. உடையாமல் நிற்பது வேறு, அசையாமல் நிற்பது வேறு. நானாகச் செய்து பார்த்த ஒரு வழியைச் சொல்கிறேன். கைபேசிக்கு ஃபைஃபாக்ஸ் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. கைபேசியின் முடுக்கமானியை வைத்து அதிர்வை வரைபடமாகக் காட்டும். கைபேசியை ஸ்டாண்டின் தலையில் பூட்டி, ஒரு காலை விரலால் சுண்டிவிட்டு, அலை அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு நடுக்கம்பத்தை ஏற்றி அதே சுண்டு. வித்தியாசத்தைப் பார்க்க நிபுணத்துவம் எதுவும் வேண்டாம். கடையிலேயே இதைச் செய்து பார்க்கலாம்; கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

கார்பனா அலுமினியமா என்பது எப்போதும் வருகிற கேள்வி. ஒரு உதாரணம் போதும். 2019ல் வந்த பீக் டிசைன் டிராவல் டிரைபாட்டில் ஒரே வடிவம் இரண்டு பொருளில் வருகிறது: அலுமினியம் 1.56 கிலோ, கார்பன் 1.27 கிலோ. வித்தியாசம் 290 கிராம், கிட்டத்தட்ட ஒரு சோனி ஆர்.எக்ஸ். 100 ஏழாம் பதிப்பு கேமராவின் எடை. விலை வித்தியாசமோ பல ஆயிரம். மலையேறி ஒரு நாள் முழுக்கச் சுமக்கிறவருக்கு அது நியாயமான செலவு. பஸ்ஸில் இறங்கி ஆட்டோவில் கோயில் வாசலுக்குப் போகிறவருக்கு நியாயமில்லை.

காடும் ஆறும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. நரை அணிலுக்காக 1988ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இந்த மலையடிவாரத்தில்தான். 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. அனுமதிக்கப்பட்ட பாதையில் போகும்போது அந்த அணில் கண்ணில் பட்டால் அது இருக்கிற இடம் மர உச்சி. கிளை விட்டுக் கிளை தாவும், கொஞ்சம் உட்காரும், மறுபடி தாவும். தரையில் மூன்று கால்களை விரித்து, உருண்டைத் தலையைத் தளர்த்தி, அண்ணாந்து பூட்டுவதற்குள் அது அடுத்த மரம். இங்கே மோனோபாட் ஒன்றே தோது. டெலி லென்ஸின் எடையைக் கை தாங்காமல் அது தாங்கும்; கையில் பிடிப்பதை விட ஒன்றிரண்டு ஸ்டாப் மெதுவான ஷட்டரைச் சமாளிக்கலாம் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு நேரம்). மரத்தில் முதுகைச் சாய்த்து, மோனோபாட்டின் கீழ்நுனியைப் பாதத்தின் ஓரத்தில் ஒட்டிவைத்தால் உங்கள் இரண்டு கால்களும் அதுவுமாக முக்காலி ஆகிவிடும்.

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் ஆறு. தண்ணீரைப் பால் மாதிரி வழுவழுப்பாக எடுக்கிற ஆசை எல்லோருக்கும் ஒரு தடவை வரும். மர நிழலில் வெளிச்சம் ஈ.வி. 11 என்று வைத்தால் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11ல் 1/17 வினாடி. வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்குகிற என்.டி. கண்ணாடி ஒன்றை லென்ஸுக்கு முன் போட்டால் அரை வினாடி. அது போதும், அதற்கு மேல் இழுத்தால் தண்ணீர் பனிமூட்டமாகிவிடும், எனக்கு அது பிடிக்காது. அரை வினாடிக்கு ஸ்டாண்ட் கட்டாயம், ஆனால் உயரம் தேவையே இல்லை. பாறையில் ஒரு சாண் ஸ்டாண்டை வைத்துத் தண்ணீர் மட்டத்திலிருந்து எடுக்கிற படம்தான் நின்றபடி எடுக்கிற படத்தை விட நன்றாக இருக்கும். ஓடுகிற தண்ணீருக்குள் டிரைபாட் காலை வைத்தால் நீரோட்டம் அதைக் கம்பி வாத்தியம் மாதிரி அதிரவைக்கும். மணலும் திருகு மூட்டுக்குள் போகும். போனால் வீட்டுக்கு வந்ததும் கால்களைக் கழற்றிக் கழுவுங்கள். மலையில் மழை என்றால் ஆற்றில் இறங்கவே வேண்டாம். கீழே வெயிலடிக்கும்போதே மேலேயிருந்து வெள்ளம் வந்துவிடும். ஸ்டாண்டை நிறுத்திவிட்டு நாலடி தள்ளிப் போவதும் வேண்டாம், குரங்குகள் இருக்கின்றன.

மரக்கிளையில் சுற்றிக் கட்டுகிற வளையும் கால் ஸ்டாண்ட், ஜோபி நிறுவனத்தின் கொரில்லாபாட் மாதிரி, இங்கே உதவுமா? அதில் ஒரு நல்ல பழக்கம், பெயரிலேயே தாங்கும் எடை இருக்கும்: 1கே என்றால் ஒரு கிலோ, 3கே என்றால் மூன்று. உங்கள் கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடையைப் போல இரண்டு மடங்கு தாங்குவதை வாங்குங்கள். ரிக்கோ ஜி.ஆர். 3 (257 கிராம்) மாதிரிக் கேமராவுக்கு 1கே தாராளம். கம்பி வேலி, பாலத்துக் கைப்பிடி எல்லாவற்றிலும் அருமையாகப் பிடிக்கும். ஆடி மாசம் மரக்கிளையில் மட்டும் கட்டாதீர்கள், ஸ்டாண்ட் ஆடாது, மரம் ஆடும். உருண்டை மூட்டுகள் நாளாக ஆகத் தளரும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்தது: மூட்டை. காட்டுயிர் படமெடுக்கிறவர்கள் ஜீப்பின் ஜன்னலில் வைத்துக்கொள்கிற பீன் பேக். கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸ் காலை ஒரு முழம் வெட்டி, ஒரு பக்கம் தைத்து, மறுபக்கம் ஜிப் வைத்துத் தரச் சொன்னால் எந்தத் தையல்காரரும் தருவார். பயணத்தில் அதைக் காலியாக மடித்துக்கொண்டு போவது; எடை ஒரு கைக்குட்டை இரண்டு கைக்குட்டை. ஊரில் இறங்கியதும் மளிகைக் கடையில் ஒன்றரைக் கிலோ ஏதாவது வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே போடுவது. எது நல்லது? அரிசி பரவாயில்லை. கம்பு அரிசியை விட நன்றாக லென்ஸின் வளைவுக்கு ஒத்துப் பள்ளமாகும், உருண்டையாக வழுக்கி ஓடுவதால். பருத்திக்கொட்டை பஞ்சு நூல் ஒட்டியிருப்பதால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு வைத்த வடிவத்தில் நிற்கும், எடையும் குறைவு. மாட்டுத் தீவனக் கடையில் கிடைக்கும். முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் அது தலையணை. ஊர் திரும்பும்போது கம்பைக் கூழாக்கிவிடலாம், இந்த வசதி எந்த கார்பன் டிரைபாட்டிலும் இல்லை. காட்டுக்குள் போகும்போது மட்டும் தானியம் வேண்டாம். கிழிந்து சிந்தினால் விலங்குக்கு நாம் தீனி போட்ட மாதிரி ஆகும். அங்கே துண்டையும் மாற்றுச் சட்டையையும் சுருட்டித் திணித்துக்கொள்ளலாம், கொஞ்சம் மெத்தென்று இருக்கும், வேலை நடக்கும்.

பணமே செலவழிக்க முடியாதவர்களுக்கு நூல் ஸ்டாண்ட். கேமராவின் அடியில் இருக்கிற திருகு ஓட்டை கால் இஞ்ச் அளவு, இஞ்சுக்கு 20 புரி. ஹார்டுவேர் கடையில் 'கால் இஞ்ச் போல்ட்டு' என்று கேட்டால் கிடைக்கிறது பெரும்பாலும் இதே 20 புரிதான். அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடித்தால், மேலும் கீழுமான ஆட்டம் நன்றாகக் குறையும். இரண்டு எச்சரிக்கை. கடைக்காரர் 'இதுவும் அதே சைஸ்தான்' என்று ஆறு மி.மீ. மெட்ரிக் போல்ட்டைத் தந்தால் வாங்காதீர்கள். விட்டம் கிட்டத்தட்ட ஒன்று, புரி வேறு, முடுக்கினால் கேமராவின் புரி போய்விடும். இன்னொன்று, ஓட்டையின் ஆழம் அரை செ.மீ. ஒட்டித்தான். நீளமான போல்ட்டை முழுக்கத் திருகினால் உள்ளே இடிக்கும். நாலைந்து வாஷர் போட்டு நீளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கைபேசி மட்டும் வைத்திருக்கிறவர்களும் ஸ்டாண்ட் விஷயத்தில் ஒதுங்க வேண்டாம். ஐபோனின் இரவு முறை, கையில் இருக்கும்போது சில வினாடிதான் தரும். அசையாமல் வைத்தால் அதுவே கண்டுபிடித்து 30 வினாடி வரை நீட்டும். கூகுள் பிக்சலில் நட்சத்திரம் எடுக்கிற முறை நாலு நிமிடம் வரை போகும். இருநூறு கிராம் கைபேசிக்கு எந்தச் சின்ன ஸ்டாண்டும் போதும், பிடிக்கிற கவ்வி மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் பட்டனை விரலால் அமுக்காமல் இரண்டு வினாடி டைமர் வையுங்கள். நீண்ட நேர ஷட்டருக்கு நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். சில கேமராக்கள் இல்லாத ஆட்டத்தைத் தேடி, தானே ஆடும்.

இந்த இரண்டு ஊருக்கு என் பையில் போவது இவ்வளவுதான்: ஒரு சாண் உயரமுள்ள உருண்டைத் தலை மேசை ஸ்டாண்ட், ஜீன்ஸ் மூட்டை (காலியாக), ஒரு மோனோபாட். மேசை ஸ்டாண்டை மதிலில் வைக்கலாம், பாறையில் வைக்கலாம், நிறுத்தியிருக்கிற பைக் சீட்டில் வைக்கலாம், மூன்று காலையும் ஒரு தூணில் அழுத்திப் பிடித்தால் அதுவும் ஆச்சு. வாங்கும்போது கேமராவோடு சேர்த்துப் பூட்டிப் பாருங்கள். மான்ஃப்ரோட்டோ பிக்ஸி மாதிரி ஒரு கிலோ தாங்கும் என்று போட்டிருப்பவை சின்ன மிரர்லெஸ் கேமராவோடு ஒழுங்காக நிற்கின்றன, டெலி லென்ஸ் போட்டால் மூக்கு கீழே இறங்குகிறது. முழு டிரைபாட் எடுத்துப் போவது, கோபுரத்துக்காகவே ஒரு ராத்திரி தங்கப் போகிறேன் என்றால் மட்டும். அப்படிப் போகிறவர்கள் தேரன்றைக்கு அதை அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.